பூ வேலையும் இறவாரமும்

எங்கள் மலையில் இப்போது யார் வீடு கட்டினாலும் முதல் கேள்வி, "எலிவேஷன் எப்படி வைக்கிறீங்க?" என்பதுதான். முன்னால் இரண்டு தூண், தூண் தலையில் சிமெண்ட் தாமரை. வாசலூர்பட்டியில் எங்கள் பழைய வீட்டையும் பிரித்துக் கட்டப் போகிறோம். குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள், அதிலும் சிவில் என்பதால் பிளான் போடும் வேலை என் தலையில். அப்பாவுக்கும் தாமரைத் தூண்தான் வேண்டும். இருக்கும் பணத்தில் அதைச் செய்தால் சன்ஷேடு ஓரடியோடு நின்றுவிடும்.

அழகு என்றால் ஒட்டவைத்த பூ மட்டும்தானா?

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ரோபி வீடு என்று ஒன்று இருக்கிறது. ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910-ல் முடிந்தது. தரையோடு படிந்து நீளமாகக் கிடக்கும் இந்தப் பாணிக்கு, அந்த நாட்டுப் புல்வெளியின் பெயரையே வைத்து 'ப்ரெய்ரி' என்கிறார்கள். செங்கல் மெலிந்து நீண்டது. படுக்கை இணைப்புகளில் வெளிர்நிறச் சாந்தை உள்வாங்கிப் பூசினார்கள். செங்குத்து இணைப்புகளில் செங்கல் நிறத்திலேயே சாந்து. தள்ளி நின்று பார்த்தால் சுவர் முழுக்கப் படுக்கைக் கோடுகள்தான் தெரியும். பாயின்டிங் வேலையே அலங்காரமாகிவிட்டது! வெகுவாக நீண்ட கூரை விளிம்பை உள்ளே எஃகு உத்திரங்கள் தாங்குகின்றன. ரைட்டின் 8 கட்டடங்களை 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் ஒன்று.

அந்த ரைட்டிடம் வேலை பார்த்த அன்டோனின் ரேமண்ட், நமக்குப் பக்கத்திலேயே பாண்டிச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஒரு விடுதி வடிவமைத்தார். பெயர் கோல்கொண்ட். 1937-ல் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நகாஷிமா கூடவே இருந்து மேற்பார்த்தார். கான்கிரீட் கட்டடம்தான். ஆனால் வடக்கு, தெற்கு முகப்பு முழுக்கத் திருப்பி வைக்கும்படியான படுக்கைப் பலகைகள். காற்று வரும், வெயில் வராது, மழை வந்தால் மூடிவிடலாம். அறைகளுக்குத் தேக்குச் சட்டங்கள் வைத்த நகரும் கதவுகள். பூவும் இல்லை, பொம்மையும் இல்லை. அழகாகத் தெரிவதெல்லாம் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

இது நமக்குப் புதுசா என்ன? எங்கள் பழைய வீடு மண்சுவர், புல் வேய்ந்த கூரை. குனியாமல் உள்ளே போக முடியாது. இறவாரம் அவ்வளவு தாழ்வு. மலைச்சாரலில் மண்சுவர் கரையாமல் நின்றது அந்த இறவாரத்தால்தான்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "படிச்சவன் சொல்றே, சரி. நாலு பேரு பாத்தா வீடுன்னு சொல்லணும்ல?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். ஆயுசு முழுக்கக் குனிந்தே வீட்டுக்குள் போனவருக்குத் தாமரைத் தூண் வெறும் சிமெண்ட் இல்லை. அது ஒரு மரியாதை. அதனால் தூணை எடுக்கவில்லை. சன்ஷேடை நாலடித் தாழ்வாரமாக நீட்டி, அதைத் தாங்கும் வேலையைத் தூணுக்குக் கொடுத்து வரைந்திருக்கிறேன். தாமரைக்கு வைத்திருந்த பணம் தாழ்வாரத்துக்குப் போகும். அப்பா இன்னும் தலையாட்டவில்லை. வரைபடத்தை மட்டும் பத்திரமாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

தோழர்களே! நாளைக்கு நாமெல்லாம் சைட்டில் நிற்கப் போகிறவர்கள். "நல்ல எலிவேஷனா போடுங்க தம்பி" என்று நம்மிடமும் கேட்பார்கள். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் பென்சிலை எடுப்போம்.