மூன்றாவது தளி

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு நாங்கள் இருவரும் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். கல்வெட்டுப் படிக்கச் சென்றிருக்கிறோம்; மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்றிருக்கிறோம்; மதுரைக்குப் போகிற வழியில், மனம் கேளாமல், பேருந்திலிருந்து பாதியில் இறங்கியும் சென்றிருக்கிறோம். ஆனால், முன்பணம் கட்டி, நாளும் நேரமும் குறித்து, எந்த நிறத்தில் உடுத்தவேண்டும் என்பதற்குக்கூட அறிவுரை பெற்று, எங்களைப் படம் பிடிப்பதற்கென்றே ஒருவரை வரவழைத்துச் சென்றது 2025ஆம் ஆண்டு தை மாதத்தில்தான்.

ஏற்பாடு மகளுடையது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியவள், "உங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்ல ஒரு நல்ல போட்டோ இல்லையேம்மா" என்று தொடங்கினாள். விடுமுறைக்குச் செல்பவர்களுக்கு, அவர்கள் செல்லும் ஊரிலேயே புகைப்படக் கலைஞர் ஒருவரை அமர்த்தித் தரும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றனவாம். இணையத்தில் இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்திவிட்டால், குறித்த நேரத்தில் கேமராவோடு ஒருவர் காத்திருப்பார். அவள் காட்டிய பட்டியலில் பாரிசின் ஈபெல் கோபுரம் இருந்தது. உரோமின் கொலோசியம் இருந்தது. தாஜ்மகாலும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இருந்தன. கொடும்பாளூர் இல்லை.

அவள் மாமல்லபுரம் என்றாள். நாங்கள் கொடும்பாளூர் என்றோம். "அங்க எப்பவும்தானே போறீங்க?" என்றாள். எங்களிடம் ஒரு காரணம் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. கடைசியில் திருச்சியில் திருமணப் படங்கள் எடுக்கும் இளைஞர் ஒருவரைத் தேடிப்பிடித்தாள். இரண்டு மணி நேரம், இரண்டு உடைகள், மெருகேற்றிய 40 படங்கள். அதற்கான தொகையை அவள் எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

உண்மையைச் சொல்வதானால், பழங்கோயில்களின் முன்னால் நடக்கும் இத்தகைய படப்பிடிப்புகளை ஏளனம் செய்துவந்தவர்கள்தாம் நாங்கள். திருமணத்துக்கு முன்பே மணமக்களை உடுத்தி அழைத்துவந்து, யாளியின் மேல் சாய்த்தும், அதிட்டானத்தின் மேல் ஏற்றியும் படமெடுப்பதைப் பார்த்து, கல்வெட்டின் மேல் கால் வைக்கிறார்களே என்று புலம்பியிருக்கிறோம். இப்போது அதே வரிசையில் நாங்களும் நின்றோம், அதுவும் ஐம்பதை நெருங்கும் வயதில்.

அந்தக் காரணத்தை இங்கே சொல்லிவிடலாம். எங்களுக்குத் திருமணம் நடந்தது 2001இல். நாங்கள் இருவருமே 'அப்பா' என்றழைத்த பெரியவர் ஒருவர் இருந்தார். எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறு தையில் எங்களை அவர்தான் கொடும்பாளூருக்கு அழைத்துச் சென்றார். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விராலிமலையைக் கடந்ததும் பேருந்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்கிறானே, சிவபெருமானின் சூலம்போல மூன்றாகப் பிரியும் வழிகள், அவை பிரிவது இந்தக் கொடும்பையில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்குக் காடுகாண் காதை முழுதும் மனப்பாடம் என்பதை அவரிடம் சொல்லத் துணியவில்லை.

கோயிலைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சில வரிகள். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்தது இது. நடு விமானத்தில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு, வேளிரின் வம்ச வரிசையைச் சொல்லி, தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் அவன் மூன்று விமானங்கள் எடுப்பித்ததையும், காளாமுகத் துறவி மல்லிகார்ஜுனருக்கு மடம் அளித்ததையும் தெரிவிக்கிறது. தேவியர் வரகுணையும் கற்றளியும். கல்லால் ஆன தளியைத்தான் கற்றளி என்போம். ஒரு பெண்ணின் பெயரே அதுவாக இருந்திருக்கிறது. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சாரார் 9ஆம் நூற்றாண்டு என்பர். மற்றொரு சாரார் சுந்தர சோழர் காலமான 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பர்.

மூன்று தளிகளும் மேற்கு நோக்கி ஒரே வரிசையில் அமைந்தவை. இன்று நிற்பவை இரண்டு. நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் இருதள விமானங்களாக, சதுரச் சிகரங்களோடு, பார்ப்பவர் கண்ணை நிறைக்கின்றன. வடக்கிலுள்ள மூன்றாவதில் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தேவியர் இருவருள் ஒருத்திக்கு விமானம் நிற்கிறது. மற்றொருத்திக்குத் தரையோடு தரையாகச் சில கல்வரிசைகள்.

அன்று அப்பாவின் தோளில் இரவல் வாங்கிய கேமரா ஒன்று தொங்கியது. திருமணத்தின்போது பாதி ஓடிய சுருளில் நான்கைந்து படங்கள் மிச்சமிருந்தன. வீணாதரரின் முன் நிற்போமா, அர்த்தநாரியின் முன் நிற்போமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நேரே வடக்குத் தளத்தருகே போய் நின்றார். நண்பகல் கழிந்த நேரம். நடுத்தளியின் நிழல் அந்தக் கற்களின் மேல் விழுந்திருந்தது. "இங்க வந்து நில்லுங்க" என்றார். புதுமணத் தம்பதியரை இடிந்ததன் முன்னால் நிறுத்தலாமா என்று உடன் வந்த அத்தை ஒருவர் முகம் சுளித்தார். அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்கிற ரெண்டையும் எல்லாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. இதுக்கு யாரும் இல்ல. நீங்க நில்லுங்க" என்றார். நின்றோம். எங்களுக்கு உள்ளூர வருத்தம்தான். அவரை ஒரு படம் எடுக்கிறோம் என்றபோது, சுருள் முடிந்துவிட்டது என்று சிரித்தார்.

2004இல் அவர் காலமானார். 2005 நவம்பரில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த திருமணத் தொகுப்பும், நெகட்டிவ்களும், கொடும்பாளூர்ப் படமும் நீரில் ஊறிப்போயின. பிரித்தெடுக்கப் பார்த்தோம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறம் மட்டும் விரலோடு வந்தது. அவரோடு நாங்கள் இருந்த படம் ஒன்றுகூட இல்லாமல் போனது அப்படித்தான். அவர் எடுத்த அந்த ஒரு படத்தையாவது திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் மகளிடம் சொல்லாத காரணம்.

இனி, அந்தத் தை மாத மாலை. மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. துறையின் திருச்சி வட்டம் 2020இல் ஏற்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கையில் பிடித்த கேமராவால் சொந்தப் படம் எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. முக்காலி நிறுத்துவதற்கும், திரைப்படம்போல் ஆள் அம்போடு எடுப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். பறக்கும் கேமராவையும் விருப்பம்போல் பறக்கவிட முடியாது. இவற்றையெல்லாம் நாங்கள் முன்னதாகவே தம்பியிடம் சொல்லியிருந்தோம். இருந்தும் அவர் முக்காலியோடுதான் வந்தார். காவலர் தன்மையாகச் சொன்னார்: "ஐயா, கையில புடிச்சு எவ்வளவு வேணா எடுங்க. காலு மட்டும் வேண்டாம். மேல ஏறவும் வேண்டாம்." முக்காலி வண்டிக்குத் திரும்பியது.

தம்பி தொழில் தெரிந்தவர். கோயில் மேற்குப் பார்த்தது என்பதை முன்பே கேட்டறிந்து, வெயில் முகப்பில் சாயும் மாலை நேரத்தைத் தேர்ந்திருந்தார். பொன்னியின் செல்வன் படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபிறகு, 'வானதி ஊர்' என்று மணமக்கள் கேட்டு வருகிறார்கள் என்றும், மேடத்துக்கும் ஒரு கொண்டையும் நெற்றிச்சுட்டியும் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னார். கல்கி படைத்த கொடும்பாளூர் இளவரசிக்கு எங்கள் வயதில் பாதிகூட இராது என்றோம். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கூச்சமும் குறைந்தது.

தெற்குத் தளியின் முன் நின்றோம், நடந்தோம், திரும்பிப் பார்த்தோம். "சார், மேடத்தோட காதுல ஏதாவது சொல்லுங்க" என்றார். யாளிவரியைப் பற்றித்தான் சொல்ல வந்தது. இருவரும் சிரித்த அந்தப் படம் நன்றாகவே வந்திருக்கிறது.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது, வடக்குத் தளத்தின் அருகே ஒன்று வேண்டும் என்றோம். தம்பி அங்கும் இங்கும் போய்ப் பார்த்தார். "பின்னாடி ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். ஒன்றும் இல்லாததால்தான் என்று சொல்லவில்லை. "பரவாயில்லை, எடுங்கள்" என்றோம். வெளிச்சம் பார்ப்பதற்காக யாரும் இல்லாத தளத்தை ஒரு முறை எடுத்தார். பிறகு நாங்கள் போய் நின்றோம். அப்பா நிறுத்திய இடம் எதுவென்று இருவருக்கும் நினைவிருந்தது. ஆனால் இருவருடைய நினைவும் நான்கடி தள்ளித் தள்ளி இருந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றோம்.

காத்திருந்தபோது லின்னேயஸ் டிரைப்பைப் பற்றித் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தோம். சென்னை மாகாண அரசுக்காகக் கேமராவோடு புறப்பட்ட ஆங்கிலேய அதிகாரி அவர். மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களை அவர் எடுத்த படங்கள் 1858ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை மட்டும் 21 படங்களாகத் தொடர்ந்து எடுத்து, ஒன்றாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு அமைத்தார். அழகான விமானம் மேலே நிற்க, தரையை ஒட்டி ஒரு கேமரா நகர்ந்திருக்கிறது. "அந்தக் காலத்துப் பனோரமாவா!" என்று தம்பி வியந்தார். அவர் வியந்தது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டு வாரங்களில் 40 படங்களும் வந்தன. வானம் இருந்ததைவிட நீலமாகவும், நாங்கள் இருப்பதைவிட இளமையாகவும் இருந்தோம். மகள் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். வடக்குத் தளத்துப் படமும் இருந்தது. எங்கள் முகங்களின் நரைமுடி ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. தளம் மட்டும் தெரியவில்லை. பின்னணியைக் கரைத்துவிடும் லென்ஸ் அது; கற்கள் எல்லாம் சாம்பல் நிறப் புகையாக மாறியிருந்தன. தம்பியின்மேல் தவறில்லை. முகம் தெளிந்து பின்னணி கரைவதைத்தான் எல்லாரும் விரும்பிக் கேட்கிறார்கள்.

இருந்தாலும் மனம் ஆறவில்லை. அவரை அழைத்து, தளம் தெளிவாக விழுந்த படம் ஏதேனும் உண்டா என்று கேட்டோம். மாலையில் ஒன்றை அனுப்பினார். "இது டெஸ்ட் ஷாட் சார். நீங்க இல்ல. என் நிழல் வேற விழுந்துருச்சு. டெலீட் பண்ணாம விட்டுருக்கேன்" என்று எழுதியிருந்தார்.

திறந்து பார்த்தோம். கல்வரிசைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன. மாலை வெயில் தம்பியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததால், அவர் நிழல் நீண்டு, புல்லைக் கடந்து, கீழ்வரிசைக் கல்லில் ஏறி மடிந்திருந்தது. முழங்கைகளை உயர்த்தி, முகத்தருகே ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் நிழல்.

நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளை அழைத்து, அந்த 2002ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னோம். தாத்தாவை அவள் பார்த்த நினைவில்லை. அவர் போனபோது அவளுக்கு இரண்டு வயது. "அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்க" என்றாள்.

மற்ற படங்களிலிருந்து இரண்டைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருபவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். டெஸ்ட் ஷாட்டை எங்கள் படிப்பறையில் வைத்திருக்கிறோம். இதில் யாருமே இல்லையே, எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு, கொடும்பாளூரில் மூன்றாவதாக ஒரு தளி உண்டு என்று சொல்கிறோம்.