அறிவிப்புப் பலகையின் ஆண்டு

ஜனவரி 18

குடியரசு நாள் கிராம சபைக்கான அறிவிப்பு ஊராட்சி மன்ற அலுவலகச் சுவரில் ஏறியிருக்க வேண்டிய நாள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகள் அனைத்திலும் அந்தத் தாளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தலைப்பில் ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம். அடுத்து நாள், நேரம், இடம். அதன் கீழே எண்ணிட்ட கூட்டப் பொருள்கள். அடியில் தலைவரின் கையெழுத்தும் அலுவலக முத்திரையும்.

ஊன்றிப் படிக்க வேண்டியது கூட்டப் பொருள்களைத்தான். அவற்றில் பெரும்பகுதி மேலிருந்து சுற்றறிக்கையாக வந்தது. வரவு செலவு, குடிநீர், கொசு ஒழிப்பு, நெகிழித் தடை, வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் என்று எல்லா ஊருக்கும் பொதுவான பட்டியல். அந்த ஊருக்கே உரிய செய்தி, உடைந்த மதகு, எரியாத தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பெரும்பாலும் கடைசியில் ‘இதர பொருள்கள்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது. தங்கள் கோரிக்கையைப் பொருளாகவே சேர்க்கும்படி ஊர்க்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஏழு நாள் இடைவெளியின் உண்மையான பயன் இதுதான். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஒட்டப்படும் தாள், வாருங்கள் என்று அழைத்தாலும், என்ன பேசுவது என்று யோசிக்க நேரம் தருவதில்லை.

ஒட்டும் இடமும் அதே அளவு முக்கியம். அலுவலகம் ஊர்த் தெருவில் இருந்து, காலனி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒரே பலகையில் ஒட்டிய தாள் பாதி ஊருக்குத்தான் அறிவிப்பு. ரேஷன் கடை, பள்ளிச் சுவர், பால் சொசைட்டி, காலனி முகப்பு, குக்கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி என்று ஆட்கள் தினமும் கூடும் இடங்களில் ஒட்டும் ஊராட்சியே அறிவித்த ஊராட்சி.

ஜனவரி 26

கிராம சபையின் உறுப்பினர், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் சேர்ந்து இந்த எண்ணிக்கை நிரம்புகிறது. வந்து கையெழுத்துப் போட்டதும் வயலுக்குத் திரும்பிவிடுபவர்கள் பல ஊர்களில் உண்டு. தீர்மானங்கள் வாசிக்கப்பட்டு, புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திட வேண்டும் என்று உள்ளாட்சி ஆர்வலர்கள் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

பிப்ரவரி 2

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் இதே நாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாகக் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு வந்தது. ஊர்வழக்கில் ‘நூறு நாள் வேலை’. ஊராட்சிச் சுவரை ஊர் மக்கள் படிக்கும்படி செய்ததில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன் சுவரில் இருந்தவை பொதுச் செய்திகள். இதில் இருந்தவை பெயர்கள். அட்டை எண், வேலை செய்த நாள், கூலி என்று தன் பெயருக்கு நேரே இருப்பதைச் சரிபார்க்கப் பெண்கள் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளிக்குப் போகும் பேத்தியைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பையும் கிராம சபையிடமே கொடுத்தது.

மாசி முதல் வாரம்

புளியமர மகசூல் ஏலம். சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் ஊராட்சி மரங்களின் காய்ப்பை ஓராண்டுக்கு ஏலம் விடுகிறார்கள். கண்மாய், ஏரியின் மீன்பாசி ஏலமும் இதே வகைதான். அறிவிப்பில் மரங்கள் இருக்கும் இடம், ஏலத் தொடக்கத் தொகை, முன்னதாகக் கட்ட வேண்டிய டேவணி, ஏலம் நடக்கும் நாள், நேரம் ஆகியவை இருக்க வேண்டும்.

சிற்றூராட்சிக்குச் சொந்த வருவாய் என்று சொல்லத்தக்கவை வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், இத்தகைய ஏலங்கள் முதலிய சிலவே. ஆகவே இந்த ஒரு தாள் ஊருக்குத் தெரியாமல் போனால் நட்டம் நேரடியானது. ஏலம் நடக்கும் செய்தி நாலைந்து பேருக்கு மட்டும் தெரிந்திருந்தால் கேட்பவர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொள்வார்கள். தொடக்கத் தொகைக்கு ஒரு சிறு தொகை கூட்டி மரங்கள் கைமாறும். அக்கம்பக்கத்து ஊர்களிலும் அறிவிப்புப் போடப்பட்டு, வெளியூர்ப் புளி வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தாலே கேள்வித் தொகை ஏறத் தொடங்கும். ஏலம் முடிந்ததும் எடுத்தவர் யார், எவ்வளவுக்கு என்ற விவரமும் அதே பலகையில் வர வேண்டும்.

மார்ச் 22

உலகத் தண்ணீர் நாள். முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களை 2022இல் தமிழ்நாடு அரசு ஆறாக உயர்த்தியபோது, இந்த நாளும் நவம்பர் 1உம் சேர்ந்தன.

தண்ணீரைப் பற்றி ஊர் படிக்க வேண்டிய அறிவிப்பு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் இருக்கிறது. கொள்ளளவு, கட்டிய ஆண்டு, திட்டத்தின் பெயர். அவற்றின் கீழே பெயிண்டால் கட்டம் போட்டு ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்’ என்ற இரு வரிகள். தேதிகளைத் தொட்டி இயக்குபவர் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். அந்த இரு தேதிகளும் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் தொட்டிக்குள் என்ன இருக்கும் என்பதைப் பார்க்க ஏணி தேவையில்லை. குளோரின் கலந்த நீர் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் காட்ட வேண்டும். சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் நீர் மஞ்சளாவதை வைத்து இதைப் பார்க்கலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டது. ஊர்ப் பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் அளித்தது. அவர்கள் எடுத்த முடிவுகளைக் கூட்டத்தில் படிப்பது, வந்திருக்கும் எவருக்கும் விளங்கும் செய்தி.

ஏப்ரல் 24

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் இந்த நாளில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டது. கிராம சபை சட்டப்படியான அமைப்பானது இவற்றால்தான்.

மே 1

நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்திருப்பதால், ஆண்டுக் கணக்கைக் கேட்க ஏற்றது இந்த நாளின் கிராம சபைக் கூட்டம். ‘படிவம் 30’ எனப்படும் வரவு செலவுச் சுருக்கத்தைக் கூட்டத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பல ஊராட்சிகள் அதைப் பிளக்ஸ் தட்டியாக அடித்துக் கட்டுகின்றன. ஆரம்ப இருப்பு, வரி வருவாய், மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய நிதிக்குழு மானியம் ஒரு பக்கம். மின்கட்டணம், சம்பளம், குழாய்ப் பழுது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குச் சாமான் மறுபக்கம்.

தட்டியைப் படிக்கப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது சில்லறைத் தலைப்புகளை. புதிய சாலைக்கு மதிப்பீடும் அளவுப் புத்தகமும் இருக்கும். பல்பு மாற்றியதற்கும் மோட்டார் காயில் கட்டியதற்கும் ரசீதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எத்தனை பல்பு, எந்தத் தெரு என்று கேட்டால் பதில் கூட்டத்திலேயே இருக்கிறது, அந்தத் தெருக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். படிக்க முடியாத சிறு எழுத்தில், மேடைக்குப் பின்னால் கட்டிய தட்டி விதியை நிறைவேற்றலாம். ஊருக்குக் கணக்குச் சொன்னதாகாது. எழுத்து தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு இனத்தையும் உரக்கப் படிப்பதே முறை.

கணக்கு ஒப்படைக்கும் கடமைக்கு இம்மண்ணில் நெடிய வரலாறு உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்குக் குடவோலைத் தேர்வு நடத்தும் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடத் தகுதியற்றவர் என்பது அவற்றில் ஒன்று. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையை அதன் நேர் வாரிசாகக் கொண்டாடுவது பிழை. எல்லோரும் காணும் சுவரில் விதியை எழுதிவைத்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன்

ஜமாபந்தி. ஜூலை 1இல் புதிய பசலி ஆண்டு பிறக்கும் முன், கிராம நிர்வாக அலுவலரின் கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் தணிக்கைக்குப் போகின்றன. எந்தப் பிர்காவுக்கு எந்த நாள் என்ற பட்டியல் பலகைக்கு வருகிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, நத்தம் மனை என்று மனுக்கள் குவிகிற நாள்கள் இவை. இது வருவாய்த் துறையின் வேலை, ஊராட்சியுடையது அல்ல. ஆனாலும் ஊர் இரண்டையும் ஒரே பலகையில்தான் படிக்கிறது.

ஆகஸ்ட் 3

தண்டோராவுக்குத் தடை விதிக்கும்படி, அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைக் கொண்டு செய்தியை மூலை முடுக்கெல்லாம் சேர்க்கலாம் என்பது அதில் சொன்ன மாற்று.

தண்டோரா என்பது அந்தி சாயும் நேரத்தில் தெருமுனையில் கேட்கும் பறையொலி; அடி நின்றதும் ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்ற நீண்ட குரல்; நாளும் செய்தியும்; மறுபடி நாலு தட்டு, அடுத்த தெரு. செய்தி சேர்ப்பதில் அது பழுதற்றது. வயலிலிருந்து திரும்பி வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வந்தது, எழுத்தறிவு கேட்கவில்லை. ஆனால் அடித்தவர் அதை விரும்பி ஏற்ற தொழிலாகச் செய்யவில்லை. பல ஊர்களில் அது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியம். கிடைத்ததும் கூலி என்று சொல்ல முடியாத சில்லறை. சகலமானவர்களுக்கும் அறிவித்தவர் சகலமானவர்களில் ஒருவராக நடத்தப்படவில்லை. தடை முன்பே வந்திருக்க வேண்டியது.

அந்தப் பணியை இப்போது பதிவுசெய்த குரலோடு ஆட்டோ செய்கிறது. கடிதம் வந்த அதே ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேட்டூர் அணையிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேற, காவிரி, கொள்ளிடக் கரையோரச் சிற்றூர்களில் எச்சரிக்கை அறிவிப்புகள் ஒலித்தன. வெள்ள எச்சரிக்கைக்கு வாட்ஸ்அப் குழுவும் பயன்படுகிறது; ஆனால் குழுவில் இருப்பவர் பெரும்பாலும் கைப்பேசி வைத்திருக்கும் ஆண்கள். ஆற்றோரக் குடிசையில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு வீட்டு வாசலில் நின்று சொல்லும் குரலே அறிவிப்பு. ஆட்டோ நுழையாத சந்துக்கு ஆள் நடந்துதான் போக வேண்டும்.

ஆகஸ்ட் 15

ஊராட்சித் தலைவரே கொடி ஏற்ற வேண்டும். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த தலைவர்களை ஏற்றவிடாமல் தடுத்த நிகழ்வுகள் இருந்ததால், 2022இல் இதற்கும் தலைமைச் செயலாளரின் கடிதம் தேவைப்பட்டது.

அதே ஆண்டு இதே நாளில், காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தின் கிராம சபை, பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. பின்வந்த கூட்டங்களிலும் அதை மீண்டும் மீண்டும் நிறைவேற்றியது. அத்தகைய திட்டத்தை நிறுத்தும் சட்ட வலிமை கிராம சபைத் தீர்மானத்துக்கு இல்லை. இருந்தும் ஊரின் மறுப்பு அரசுப் பதிவேட்டிலேயே, தேதியோடும் கையெழுத்துகளோடும் பதிவாகிறது.

அக்டோபர் 2

2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி, இந்த நாளின் கிராம சபைக் கூட்டம் முந்தின நாள் ரத்து செய்யப்பட்டது. 2021இல் மதுரை மாவட்டம் பாப்பாபட்டியின் கிராம சபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். ஊரின் தேர்வு காரணத்தோடுதான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. தேர்தல் அறிவிப்பு ஒவ்வொரு முறையும் ஒட்டப்பட்டது. வேட்புமனு வராது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006இல்தான் அது மாறியது.

அக்டோபர் 12

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்த நாள். அந்தச் சட்டத்தின் வேர் ஊராட்சிக் கணக்கில் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் பந்தல் போட்டு, வேலைக் கணக்கையும் ரசீதுகளையும் மக்கள் முன் படித்தது. செத்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பது அத்தகைய கூட்டங்களில் அம்பலமானது. கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஊராட்சிப் பலகை அந்தப் பிரிவுக்கும் கட்டுப்பட்டது.

நவம்பர் 23

நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள். 2024இல் தீபாவளியை ஒட்டி அக்கூட்டம் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அன்று மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் ஒன்றிய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. சுரங்க ஏலத்தின் முடிவை ஊர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டன. எந்த ஊராட்சிப் பலகையிலும் முன்னறிவிப்பு இருக்கவில்லை. டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஜனவரி 5

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம், 2025இல் இந்த நாளோடு முடிந்தது. இடையில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் எண்ணிக்கை 28 ஆகியிருந்தது. மறுநாள் முதல் அந்த ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலர்களான வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம் சென்றது. ஓர் அலுவலரின் கையில் ஒன்றியத்து ஊராட்சிகள் அனைத்தும். தலைவரின் பெயரும் வார்டு உறுப்பினர்களின் பெயர்களும் எழுதிய பலகை பழையபடியே தொங்க, அதன் பக்கத்தில் ஒட்டும் தாள்களில் ‘தனி அலுவலர்’ என்ற முத்திரை விழத் தொடங்கியது. கிராம சபை தொடர்ந்து கூட வேண்டும்; உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிவதில்லை, அவர்கள் ஊர் வாக்காளர்கள். அந்த மாதம் 26ஆம் தேதிக் கூட்டத்துக்கான அறிவிப்பும் அதே ஏழு நாள் விதிப்படி ஒட்டப்பட வேண்டியிருந்தது.