நொடிக்கு மூணு

மூளை அலைகள்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, சினிமா ஆஸ்பத்திரி சீன்ல டொய்ங் டொய்ங்னு ஓடுற கோடு. (அது இதயத்தோட ஈசிஜி. மூளைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.) இன்னொண்ணு, "உங்கள் ஆல்ஃபா அலைகளைத் தட்டி எழுப்புங்கள்"னு சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டர். ரெண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு உண்டு.

ஆல்ஃபாவைத் தட்டி எழுப்ப அவ்வளவு செலவு பண்ண வேண்டாம் சாமி. முழிச்சிருக்கிற ஆள் சும்மா கண்ணை மூடிட்டு உட்கார்ந்தாலே போதும், பின்மண்டைப் பக்கம் நொடிக்கு 8 முதல் 13 அலை வரைக்கும் தானா வரும். கண்ணைத் திறந்தா போயிடும். முற்றிலும் இலவசம் :-)

இதை முதல்ல மனுஷ மண்டையில பார்த்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியில யேனா நகரத்து மனநல மருத்துவர். இளவயசுல ராணுவப் பயிற்சியில குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துல நசுங்காம மயிரிழையில தப்பிச்சார். அன்னைக்கே வீட்டிலேருந்து தந்தி வந்தது. தூரத்துல இருந்த சகோதரிக்கு மனசு என்னமோ பண்ண, அவங்க அப்பாவை நச்சரிச்சு அனுப்ப வைச்ச தந்தி. மனுஷன் ஆடிப்போயிட்டார். ஒரு மனசுலேருந்து இன்னொரு மனசுக்கு ஏதோ ஒண்ணு போகுதே, அது என்னன்னு தேட ஆரம்பிச்சவர்தான். 1924-ல் மண்டையிலிருந்து மின் அலையைப் பதிவு பண்ணினார். யார்கிட்டயும் சொல்லாம அஞ்சு வருஷம் திரும்பத் திரும்ப செஞ்சு பார்த்துட்டு 1929-ல்தான் வெளியிட்டார். பெரும்பாலானவங்க நம்பலை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் தாங்களே செஞ்சு காட்டின பிறகுதான் உலகம் ஒத்துக்கிச்சு. பெர்கர் 1941-ல் தற்கொலை செஞ்சுகிட்டார். அவர் தேடின மனசு-டு-மனசு தந்தி கடைசி வரைக்கும் கிடைக்கலை.

அந்த அலை எவ்வளவு சின்னது தெரியுமா? சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் லைட்டுக்குப் போடுற 1.5 வோல்ட் பேட்டரியில முப்பதாயிரத்துல ஒரு பங்கு. தோலு, எலும்பு எல்லாம் தாண்டி அதை வெளியேருந்து பிடிக்கிறாங்க.

இதெல்லாம் நான் தேடிப் படிக்க வேண்டி வந்தது எங்க அக்கா பொண்ணால. அப்ப அவளுக்கு ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ். பள்ளிக்கூட டயரியில வாரம் தவறாம ஒரு குறிப்பு வரும்: "வகுப்பில் கவனம் இல்லை." அப்புறம் கூப்பிட்டு விட்டாங்க. பிடிவாதம் ஜாஸ்தி, கூப்பிட்டா திரும்பிக்கூட பார்க்க மாட்டேங்கறா, வீட்டுல டிவியை நிறுத்துங்கன்னாங்க. ரெண்டு மூணு தடவை வகுப்புக்கு வெளியே நிக்க வைச்சிருக்காங்க. (பேரெல்லாம் வேண்டாம், விடுங்க.) காது கேக்கலையோன்னு காது டாக்டர்கிட்ட போய், காது பிரமாதம்னு எழுதியும் வாங்கியாச்சு.

அக்காதான் முதல்ல கண்டுபிடிச்சா. டிக்டேஷன் நோட்டைப் புரட்டும்போது, ஒரு வரிக்கு நடுவுல மூணு வார்த்தை காணோம். அடுத்த வார்த்தையிலேருந்து பிழையில்லாம ஓடுது. இன்னொரு பக்கத்துலயும் அப்படியே. எழுதத் தெரியாத பிள்ளைன்னா தப்பா எழுதும், நடுவுல ஓட்டை விடாதேன்னா. அன்னைக்கு ராத்திரி கவனிச்சுப் பார்த்தோம். இட்லியோட கை வாய்க்குப் போற வழியில நின்னுது. இமை மட்டும் லேசா படபடக்குது. ஏழெட்டு நொடி. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இட்லி உள்ளே போச்சு. கீழே விழலை, நுரை தள்ளலை, கை கால் இழுக்கலை. இதுவும் வலிப்புல சேர்த்திதான்னு எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் நம்ப மாட்டாங்க.

ஈஈஜி எடுக்கறதுக்கு முந்தின நாள் ஷாம்பூ போட்டு தலைக்கு ஊத்தி, எண்ணெய் வைக்காம விடணும். ராத்திரி தூக்கத்தையும் குறைக்கச் சொன்னாங்க. பிள்ளையோட சேர்ந்து வீடே நடுராத்திரி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருந்துச்சு. மறுநாள் காலையில உள்ளே ஒரு ஆள்தான் வரலாம்னாங்க. அக்கா தைரியம் இல்லைன்னுட்டா, நான் போனேன்.

டெய்லர் கடை மாதிரி இஞ்ச் டேப்பால தலையை அளந்து, பென்சிலால புள்ளி வைச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் பசை தடவி ஒரு கம்பியை ஒட்டினாங்க. மொத்தம் 21. தலை சின்னதோ பெருசோ, விகிதக் கணக்குல எல்லாருக்கும் அதே இடம். 1958-லேருந்து உலகம் முழுக்க இந்த அளவுதான். அப்புறம் ஒரு காகிதக் காத்தாடியைக் கையில கொடுத்து, மூணு நிமிஷம் விடாம ஊதுன்னாங்க. வேகமா மூச்சு விட்டா இந்த வகை வலிப்பு வெளியே வந்துடும்.

கம்ப்யூட்டர் திரையில கோடுகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாம நெளிஞ்சுகிட்டு இருந்துச்சு. பாப்பா ஊதிட்டே இருக்கா. ஒன்றரை நிமிஷம் இருக்கும். திடீர்னு எல்லா கோடும் ஒரே நேரத்துல எம்பிக் குதிச்சுது. ஒரு கூர்முனை, ஒரு பெரிய அலை, மறுபடி கூர்முனை, மறுபடி அலை. நொடிக்கு மூணு. அச்சுல வார்த்த மாதிரி. காத்தாடி சுத்தறது நின்னுபோச்சு.

அந்த டெக்னீஷியன் அம்மா அமைதியா, "யானை" அப்படின்னாங்க.

ஒன்பது நொடி கழிச்சு கோடெல்லாம் பழையபடி நெளிய ஆரம்பிச்சுது. காத்தாடியும் சுத்த ஆரம்பிச்சுது.

"பாப்பா, ஆன்ட்டி இப்ப என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே ஆன்ட்டி."

அந்த ஒன்பது நொடி அவ கணக்குல இல்லவே இல்லை. ஒன்பது மூணு இருபத்தேழு கூர்முனை, ஒரு யானை, எல்லாம் போச்சு. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை பாடம், "ஏய் உன்னைத்தான்"னு டீச்சர் கூப்பிட்ட எத்தனை கூப்பாடு. எனக்கு அந்த இருட்டு ரூம்ல கண்ணு கலங்கிடுச்சு, மறைக்க வேண்டிய அவசியமில்லை.

வலிப்புன்னா மூளையில ஒரே குழப்பம்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல இது உல்டா. முழிச்சு வேலை பார்க்கிற மூளை சந்தைக்கடை மாதிரி. ஆளாளுக்கு ஒண்ணு பேசறதால மொத்தமா கேட்டா சின்ன இரைச்சல்தான், அலையும் சின்னதா இருக்கும். தேர் இழுக்கிறப்ப எல்லாரும் சேர்ந்து ஒரே குரல்ல கத்துவோமே, அதுதான் இந்தப் பெரிய அலை. மூளையோட நடுவுல தலாமஸ்னு ஒரு பகுதி இருக்கு. புலன்கள்லேருந்து வர்ற சேதியெல்லாம் அநேகமா அது வழியாத்தான் மேலே போகுது. தூங்கும்போது அதுவும் மேல்மூளையும் ஒரு தாளத்துல ஆடுறது இயல்பு. இந்தக் குழந்தைகளுக்கு முழிச்சிருக்கும்போதே அந்த ஜோடி ஒரு தாளத்துல மாட்டிக்குது. தேர் இழுக்கிற கூட்டத்துக்குள்ள நின்னு டிக்டேஷன் சொன்னா யார் காதுல விழும்? இந்த நொடிக்கு மூணு கணக்கை அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூணு பேரும் 1935-லயே எழுதிட்டாங்க.

படம் பார்த்து என்ன ஆகப்போகுதுன்னா, மருந்து மாறும். மத்த பல வலிப்புக்கு நல்லா கேட்கிற கார்பமசிபைன் மாத்திரை இந்த வகையை அதிகமாக்கிடும். அதே சமயம் படமே எல்லாம்னும் சொல்ல முடியாது. வலிப்பு உள்ளவங்க பல பேருக்கு முதல் தடவை எடுக்கிற ஈஈஜி நார்மலாவே வரும். அந்த அரைமணி நேரத்துல மூளை நல்ல பிள்ளையா இருந்துட்டா மெஷின் என்ன பண்ணும்? டாக்டர் எங்ககிட்ட கேட்ட முதல் கேள்வியே "நீங்க என்ன பார்த்தீங்க?"தான்.

வேற அலைகளும் உண்டு. படிச்சதுல என்னைத் தூங்க விடாதது ஒண்ணு. தட்டம்மை வந்து போய் பல வருஷம் கழிச்சு, ரொம்ப அபூர்வமா, ஒளிஞ்சிருந்த வைரஸ் மூளையை அரிக்க ஆரம்பிக்கும். நல்லா படிச்ச பிள்ளை மார்க் குறையும், மறக்கும், அப்பப்ப உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். ஈஈஜியில சில நொடிக்கொரு தரம், கோயில் மணி மாதிரி, ஒரே அச்சுல பெரிய அலை வந்து வந்து போகும். பேரு எஸ்எஸ்பிஈ. அதுக்கப்புறம் பெரும்பாலும் காப்பாத்த முடியறதில்லை. தட்டம்மை ஊசி போட்டா இது வராது, அவ்வளவுதான் விஷயம். 2017-ல் தமிழ்நாட்டுல அந்த ஊசி முகாம் நடந்தப்ப வாட்ஸப்புல வந்த வதந்தியை நம்பி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத பெத்தவங்க இருந்தாங்க. அப்ப வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கலை.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம். ரிப்போர்ட் வந்த அன்னைக்கு எங்கம்மா அழலை. கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்து, "வெளிய யார்ட்டயும் சொல்லிறாதிய. பொம்பளப்புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல போய் வாக்கப்படணும்லா"ன்னாங்க.

"எம்மா, அவளுக்கு ஏழு வயசு"ன்னா அக்கா.

அம்மாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டமே, திரும்பத் திரும்ப வலிப்பு வர்றவங்களைக் கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவங்க பட்டியல்ல பைத்தியத்தோட சேர்த்து வைச்சிருந்துச்சு. 1999-ல்தான் திருத்தம் கொண்டுவந்து வலிப்புங்கிற வார்த்தையை எடுத்தாங்க. சட்டத்துலேருந்து போயிடுச்சு, வீட்டுக்குள்ளேருந்து போகலை. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் வலிப்பு வந்து விழுந்தா இன்னமும் இரும்புச் சாவியைத்தான் தேடறோம். பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானே நின்னுடும். சாவி கிடைச்சுக் கையில திணிக்கவும் அவ்வளவு நேரம் ஆகும். பேர் சாவிக்குப் போயிடுது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாய்க்குள்ள எதையும் திணிக்காதீங்க, மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.

அக்கா அம்மா பேச்சைக் கேட்கலை. டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு, ஈஈஜி காகிதத்தையும் எடுத்துக்கிட்டு நேரா வகுப்பு டீச்சரைப் பார்த்தா. அந்தம்மா ரொம்ப நேரம் அந்தக் கூர்முனையையே பார்த்துகிட்டு இருந்தாங்களாம். மறுநாள் பாப்பாவுக்கு முதல் பெஞ்ச். "கவனம் இல்லை"ன்னு எழுதின அதே டயரியில தினமும் ஒரு எண் வர ஆரம்பிச்சுது, அன்னைக்கு எத்தனை தடவை நின்னுபோனான்னு. முதல் நாள் 11. மாத்திரை ஆரம்பிச்ச பிறகு 6. அப்புறம் 2. அப்புறம் வெறும் கோடு. வளர வளர இது தானாவே போயிடுற பிள்ளைங்க நிறைய உண்டுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ரெண்டு வருஷம் ஒண்ணுகூட வராம இருந்தா மாத்திரையை மெதுவா குறைச்சுப் பார்க்கலாமாம். இப்ப ஒரு வருஷம் முடிஞ்சிருக்கு.

போன வாரம் டயரியில மறுபடி ஒரு புகார். "வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்." அக்கா அதை போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கா.