பெயரோடு கதையையும் கொடுங்கள்

பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவைதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஒரு குடும்பம் தன் நினைவைப் பெயரில்தான் சேர்த்து வைத்தது.

இன்று பிள்ளை பிறந்ததும், "எந்த எழுத்தில் வைக்கணும்?" என்று நட்சத்திரத்தையும் எண்கணிதத்தையும் பார்க்கிறோம். பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் வைக்கிற பெயருக்குப் பின்னால் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம்மிடம் அப்படிப்பட்ட பெயர்கள் ஏராளம்.

காதலுக்கு ஆதிமந்தி. புதுப்புனலில் ஆடிய கணவன் ஆட்டனத்தியைக் காவிரி அடித்துக்கொண்டு போக, கரையோடு அழுது தேடிப் போனவள். அகநானூற்றில் பரணர் அவளைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஈகைக்கு ஆதிரை. திருவாதிரை என்னும் செந்நிற விண்மீனின் பெயர் அது. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட கைக்கு உரியவளின் பெயரும் அதுவே. நட்புக்குப் பாரி. அவன் மறைந்த பிறகு, அவன் பெண்மக்கள் இருவரையும் தன் பொறுப்பாக ஏற்று, வரன் தேடி அலைந்தார் அவன் நண்பரான புலவர் கபிலர்.

குந்தவை என்ற பெயரை நினைத்தாலே எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாக, அக்காள் குந்தவை கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அவன் இயற்பெயர் அருள்மொழி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடருக்குப் பிறகு வானதியும் பூங்குழலியும் நம் வீட்டுப் பெண்களாகிவிட்டார்கள். பூங்குழலி என்றால் பூச்சூடிய கூந்தலாள்.

தொட்டிலிடும் நாளில் பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொல்கிறோம். கடமை அன்றோடு முடிவதில்லை. 'ஆது', 'குந்து' என்று சுருக்காமல், தினமும் முழுப்பெயரால் கூப்பிடுங்கள். நாலைந்து வயதில், "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று பிள்ளை கேட்கும். அப்போது மடியில் வைத்துக்கொண்டு கதையைச் சொல்லுங்கள். யாருடைய பெயரைத் தாங்குகிறோம் என்று தெரிந்து வளரும் பிள்ளை, அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்கவும் ஆசைப்படும்.