பயணம் எப்போது முடிகிறது?

பிக்ஹுப் பாடத்தில் பயணத் தொழுகை பற்றிப் படிப்பிக்கும் போதெல்லாம் மாணவிகளில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார்: "மௌலவி, ஒருவர் எதுவரைக்கும் பயணியாக இருக்கிறார்?" ஷாபிஈ மத்ஹபின் விடையை நான் மனப்பாடமாகச் சொல்லிவிடுவேன். போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் கழித்து, முழுதாக நாலு நாட்கள் தங்குவதென்று நிய்யத் வைத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போனால், அங்கு போய்ச் சேர்ந்ததுமே பயணச் சலுகை முடிந்துவிடும். அதன் பிறகு அவர் முகீம், அதாவது ஊரில் தங்கியவர். தொழுகையைச் சுருக்க முடியாது.

இந்த விடை கிதாபில் சரியானது. ஆனால் வீட்டில் இதற்கு இன்னொரு விடையும் உண்டு என்பதை நான் 2022ஆம் ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அக்கரைப்பற்றிலிருந்து பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பொத்துவில், லாகுகலை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று பாதை நீண்டது. வெல்லவாயவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சின்ன மகள் சத்தி எடுத்தாள். இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி பாதையோரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "பாருங்க, பாருங்க" என்று நான் காட்டினேன். மனைவி பார்க்கவில்லை. மகளின் தலையை மடியில் வைத்தபடி, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இடம் மாறுவது புதிதல்ல. சிறு வயதிலேயே உம்மா வாப்பாவை விட்டு அரபுக் கல்லூரி விடுதிக்குப் போனவன். எங்கள் கிழக்கு மாகாணத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே அதுவும் எனக்கு ஒரு குடிபெயர்வுதான். ஆனால் என் மனைவி பிறந்த வளவிலேயே கல்யாணம் முடித்து, அதே வளவிலேயே பிள்ளை பெற்றவர். வேலிக்கு இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் ராத்தா. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. முதல் நாள் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு துளியும் வரவில்லை. குளிரில் உறைந்து வெள்ளை மெழுகாகிக் கிடந்தது. துவைத்த உடுப்பு மூன்று நாளாகியும் காயவில்லை. ஊரில் விடியற்காலையில் துடிக்கத் துடிக்க மீன் வாங்கிய கைக்கு, ஐஸ் பெட்டியில் மலையேறி வந்த மீனைத் தொட மனமில்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றும் வெறுங்கையோடு வந்த காலம் அது. மனைவி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, கருவாட்டு ஆணமும் சோறும் ஆக்கினார்.

நான் என்ன செய்தேன்? பாடசாலைக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் போனேன். ஊர் மக்கள் மிகவும் அன்பானவர்கள். "புது மௌலவி, எங்கட வீட்டுக்கு வாங்க" என்று கிழமைக்கு இரண்டு விருந்தாவது இருக்கும். ஆண்களுக்கான விருந்து. நெய்ச்சோறும் கோழியும் சாப்பிட்டுவிட்டு வந்து, இந்த ஊர் எவ்வளவு நல்ல ஊர் என்று மனைவிக்கு விளக்கம் சொல்வேன்.

ஜூலை மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்ததால் பாடசாலைகளும் மூடப்பட்டன. ஊருக்குப் போக வாகனமில்லை. பெருநாளைக்கு முந்திய இரவு மனைவி அடுப்படியில் பேசாமல் இருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் வாய் திறந்தேன்.

"இதுவும் இப்ப நம்மட ஊர்தானே. நாம பயணிகள் இல்லையே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு வந்த அன்றைக்கே பயணம் முடிஞ்சிட்டு. எனக்கு ரெண்டு மாசமாகியும் முடியல்ல. நீங்க இந்த ஊரச் சாப்பிட்டீங்க, பாத்தீங்க. நான் இந்த நாலு சுவரத்தான் பாத்தன்."

எனக்குப் பதில் வரவில்லை. பயணம் மனிதனின் உணவையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. எத்தனையோ முறை அதை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் அப்படிப் பசியும் தூக்கமும் கெட்டு இருந்ததைக் கவனிக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

விடிந்ததும், நான் அல்ல, பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் முதலில் உதவினார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "தங்கச்சி, இன்னைக்கு உங்களுக்குப் பெருநாளாமே" என்று காய்ந்த விறகு ஒரு கட்டும், லீக்ஸ் ஒரு பிடியும் கொண்டு வந்தார். லீக்ஸை நடுவில் பிளந்து மடிப்புக்குள் இருக்கும் மண் போகக் கழுவ வேண்டும் என்பதையும், அதை நெத்தலியோடு சுண்டினால் ருசி என்பதையும் சொல்லிக் கொடுத்தார். மனைவி வட்டிலப்பம் அவித்து அவருக்கு அனுப்பினார். "அக்கா" என்று அவரைக் கூப்பிடத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

பஸ்கள் ஓரளவு ஓடத் தொடங்கிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகப் பதுளைக்கு ரயிலேறினோம். எங்கள் கரையோரத்தில் ரயில் பாதை இல்லை. ஆகையால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் ரயில். பிட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டோம். எல்லவைத் தாண்டியதும் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். அதன் பின் தெமோதரை. அந்த நிலையத்தை விட்டு வெளிக்கிட்ட ரயில், மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. "வாப்பா, நாம இப்ப நின்ட இடத்துக்குக் கீழயா போறம்?" என்று பெரிய மகள் கத்தினாள். அந்த மலைக்கு வந்த பிறகு மனைவி வாய் விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். நாங்கள் போனது குறுகிய தூரம். எண்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்குரிய சலுகை இதற்கில்லை. லுஹரை அதன் நேரத்தில் தொழுதாக வேண்டும். வழியில் ஓர் ஊரில் இறங்கினோம். பெயர் வேண்டாம். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். எத்தனையோ வருடமாக எத்தனையோ பள்ளிவாசல்களில் நிம்மதியாகத் தொழுதுவிட்டு வந்தவன் நான். வெளியில் நிற்கும் பெண் எங்கே தொழுவாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மனைவியும் மகள்மாரும் தெருவோரத்தில் நிற்க, நான் மட்டும் உள்ளே போகக் கால் வரவில்லை.

எதிர் வீட்டு வாசலில் நின்ற வயோதிப மாது ஒருவர் இதைக் கண்டுவிட்டார். "வாங்க மகள், உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்டு, வுழூச் செய்ய வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தொழுது முடிந்ததும் விடவில்லை. சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். எங்கள் பிட்டையும் பிரித்து எல்லோருமாகச் சாப்பிட்டோம். எங்கிருந்து வந்தோம் என்பதையே சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்டார்.

பஸ்ஸில் மனைவி சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் அக்காட்ட ரயில் கதையச் சொல்லணும்." அதுவரை அவர் வாயில் வீடு என்றால் அக்கரைப்பற்று வீடுதான். இது நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு.

சகோதரிகளே, உங்கள் ஊருக்கும் ஆசிரியர், மௌலவி, உத்தியோகத்தர் என்று புதியவர்கள் வருவார்கள். அவரை ஆண்கள் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். அவரோடு வந்த பெண்ணை நீங்கள் கூப்பிடுங்கள். எங்கே நல்ல மரக்கறி கிடைக்கும், எந்தக் கடையில் நம்பி வாங்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் போகலாம் என்று சொல்லிக் கொடுங்கள். சகோதரர்களே, விருந்து சாப்பிட்டு வரும்போது வீட்டில் யார் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். விடுமுறையில் நாலு இடம் கூட்டிப் போங்கள்.

இப்போதும் வகுப்பில் அந்தக் கேள்வி வருகிறது. கிதாபின் விடையைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கும் வரைக்கும் அவளுடைய பயணம் முடிவதில்லை. அந்த மாதுக்கும், எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக.