ட்ரம்ஸ் இல்லாத அறை

மெம்பிஸ் நகரின் யூனியன் அவென்யூவில் 706ஆம் எண் கட்டடத்தருகே ஒரு ராட்சத கிட்டார் தொங்குகிறது. அது இல்லையென்றால் கவனிக்காமலே கடந்து போய்விடுவோம். அவ்வளவு சிறிய செங்கல் கட்டடம். எல்விஸ் பிரெஸ்லியின் குரல் முதன்முதலில் பதிவான சன் ஸ்டுடியோ இதுதான்.

பக்கத்து கபேயில் டிக்கெட் வாங்கியதும் முதலில் மாடிக்கு அனுப்புகிறார்கள். அங்கே எல்விஸ் உடனே வந்துவிடுவதில்லை. சாம் பிலிப்ஸ் 1950 ஜனவரியில் இந்த இடத்தைத் திறந்த பிறகு இங்கே பாடிச் சென்றவர்களில் பி.பி. கிங், ஹவுலின் உல்ஃப் போன்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் முக்கியமானவர்கள். 1951இல் ‘ராக்கெட் 88’ பதிவுக்கு வந்த குழுவின் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிக் கிடந்தது. ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார் பிலிப்ஸ். அந்தக் கரகரப்பே பாட்டின் அடையாளமாகிவிட்டது.

கீழே இறங்கினால் முன்னறை. 1953இல் பதினெட்டு வயது எல்விஸ் ஏறத்தாழ 4 டாலர் கட்டி, சொந்தச் செலவில் இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ள வந்தது இங்கேதான். அலுவலகத்தில் இருந்த மேரியன் கெய்ஸ்கர் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கதவுக்கு அப்பால் ஸ்டுடியோ. சுமார் 18 அடிக்கு 30 அடி. சுவரிலும் மடிப்பு மடிப்பான கூரையிலும் வெள்ளை ஒலித்தடுப்பு ஓடுகள். தரையில் ஒட்டியிருக்கும் பெருக்கல் குறிகளைக் காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொல்கிறார். 1954 ஜூலை 5 இரவு எல்விஸும், கிட்டாரிஸ்ட் ஸ்காட்டி மூரும், டபுள் பாஸ் வாசித்த பில் பிளாக்கும் நின்ற இடங்கள். மெல்லிசைப் பாட்டுகள் எதுவும் சரியாக அமையவில்லை. ஓய்வு நேரத்தில் எல்விஸ் விளையாட்டாக ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து எட்டிப் பார்த்த பிலிப்ஸ், முதலிலிருந்து பாடச் சொன்னார். ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் பதிவு செய்த பாட்டு அது.

வழிகாட்டி அந்தப் பதிவை ஒலிக்கவிட்டார். ட்ரம்ஸ் கிடையாது. பில் பிளாக் தந்திகளை இழுத்து விரல்பலகையில் ‘டக் டக்’கென்று அடிக்கிறார், தாளம் அங்கிருந்து வருகிறது. அந்த இசைத்தட்டின் மறுபக்கமான ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யில் எதிரொலியும் சேர்ந்து அடிக்கிறது. இவ்வளவு சிறிய அறையில் அப்படியோர் எதிரொலி தானாக எழாது. ஒலியை இரண்டாவது டேப் இயந்திரத்துக்கும் அனுப்புவார் பிலிப்ஸ். பதிவுத் தலையிலிருந்து ஒலிக்கும் தலைக்கு டேப் நகர ஒரு நொடியில் சிறு பகுதி பிடிக்கும். தாமதமாக வரும் அந்த ஒலியை மூலத்தோடு கலந்துவிடுவார். மூன்று பேர் வாசிப்பு ஒரு கூட்டத்தின் வாசிப்பாகிவிடும்.

1955 நவம்பரில் பிலிப்ஸ் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவானபோது ட்ரம்ஸ் இருந்தது, பியானோ இருந்தது, பெரிய நிறுவனத்தின் பணமும் இருந்தது. சன் ஸ்டுடியோவின் எதிரொலிதான் கைக்கு எட்டவில்லை. அதற்காகக் கட்டடத்தின் நடைக்கூடத்தையே எதிரொலி அறையாக்கிக்கொண்டார்கள் ஆர்சிஏ பொறியாளர்கள்.