உட்காரும்மா, அது பரீட்சைக்கு வராது



சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் டிராம் ஏறுகிறாள். ரைன் நதிப் பாலத்தைத் தாண்டி, ஜெர்மனியில் உள்ள கேல் என்ற ஊரில் இறங்குகிறாள். டவுன் பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டுவது மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. கூடவே ஒரு வரி: "சார், பத்தாம் வகுப்புல நான் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. சார்க் பாடம். 'தொடங்கிய ஆண்டு 1985, தலைமைச் செயலகம் காத்மாண்டு' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, "அவ்வளவு அடிச்சுக்கிட்ட ஐரோப்பாவே ஒண்ணாயிடுச்சே, நம்ம பக்கம் ஏன் சார் முடியல?" என்றாள். "உட்காரும்மா, அது பரீட்சைக்கு வராது" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியமும் அன்று இல்லை.

பணி நிறைவுக்குப் பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன்.

அவள் டிராம் ஏறிய அதே ஸ்ட்ராஸ்பர்க், 1871 முதல் 1945 வரை பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நான்கு முறை கைமாறிய ஊர். 1870, 1914, 1939 என்று மூன்று போர்கள். அதன்பின் 1950 மே 9 அன்று பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். இரு நாடுகளின் நிலக்கரியும் உருக்கும் ஒரே பொது அமைப்பின் கீழ் வரட்டும் என்றார். மறு ஆண்டே ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ஏன் நிலக்கரியும் உருக்கும்? பீரங்கி செய்ய வேண்டியவை அவை. அந்தச் சுரங்கப் பகுதிகள் மேலும் இரு நாடுகளுக்கும் தகராறு இருந்தது. எதற்காக அடித்துக்கொண்டார்களோ அதையே பொதுவில் வைத்தார்கள்.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் எர்ன்ஸ்ட் ஹாஸ். சிறுவயதில் நாஜிகளின் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன யூதக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தொழிலில் சேர்ந்து வேலை செய்தால் அது அடுத்த தொழிலுக்கும் இழுத்துச் செல்லும் என்று 1958-இல் எழுதினார். ஒரு வயல் நிரம்பி அடுத்த வயலுக்குத் தண்ணீர் வழிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1965-இல் பிரான்ஸ் கோபித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வராமல் உட்கார்ந்தது. தண்ணீர் தானாக வழிந்துவிடாது என்று புரிந்தபோது, அந்தக் கோட்பாடு பழசாகிவிட்டது என்று 1975-இல் ஹாஸே எழுதினார். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்ட அந்த ஆசிரியர் மேல் எனக்குத் தனி மரியாதை.

உறவினர்களுக்கு எங்கள் கிணற்றுக் கதை தெரியும். வரப்புத் தகராறில் நானும் தம்பியும் நான்கு வருடம் பேசவில்லை. ஆனால் கிணறு பொது, மோட்டார் பொது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. ஒரு சித்திரையில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. இரண்டு பேர் பயிரும் வாடியது. மூன்றாம் நாள் அவன் வந்து, "அண்ணே, மோட்டாரைக் கழட்டணும், ஒரு கை பிடிங்க" என்றான். கிணறுதான் எங்களைப் பேச வைத்தது. ஆனால் வரப்புத் தகராறு அதனால் தீரவில்லை. இருவரும் உட்கார்ந்து வரப்பைப் பற்றியே பேசி, சர்வேயரை வரவழைத்துக் கல் ஊன்றிய பிறகுதான் தீர்ந்தது.

அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். சார்க் சாசனத்திலேயே ஒரு விதி உண்டு: இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் அங்கே பேசக்கூடாது. ஐரோப்பா தகராறையே மேசையில் வைத்தது. நாம் அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பி வரும்போது அது அங்கேயே இருந்தது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. நமக்குள் நடக்கும் வணிகம் நம் மொத்த வணிகத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 60 சதவீதத்தை ஒட்டி.

இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பிரான்ஸும் ஜெர்மனியும் ஏறக்குறைய சமபலம். இங்கே மற்ற ஏழு நாடுகளின் மக்கள்தொகையைச் சேர்த்தாலும் இந்தியா பெரிது. பெரியவன் நீட்டும் கையைச் சின்னவன் சந்தேகமாகத்தான் பார்ப்பான். அந்தச் சந்தேகத்தைப் போக்குவது பெரியவன் பொறுப்பு. நானும் அண்ணன்தான், அனுபவத்தில் சொல்கிறேன். அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2020-இல் பிரிட்டன் வெளியேறிவிட்டது.

ஆனாலும் 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போனது. சின்னதுதான். எங்கள் மோட்டாரும் சின்னதுதான்.

அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துவிடு. இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு வராத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்